வெள்ளிக்கிழமை வில்லைகள்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் இந்த ஆய்வு நிலையத்தின் இயக்குநர் அம்மா அவர்களே! என்னைவிட மூத்தவர்கள் என்று சொல்லிக்கொள்ள இன்னும் இரண்டே பேர் மிச்சமிருக்கும் முன்வரிசைப் பெரியோர்களே! மடியில் பிள்ளையையும் மனத்தில் பொறுமையையும் தாங்கி அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பின்னால் சுவரோடு சுவராகச் சாய்ந்து நிற்கும் இளைய ஆராய்ச்சியாளர்களே! பம்பு துடைப்பவர்களே, குழாய் கழுவுபவர்களே, கதவு திறந்துவிடுபவர்களே, என் இனமே! மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்து ‘சீக்கிரம் முடிங்க’ என்று கண்ணாலேயே கட்டளையிடும் என் இல்லாளே! உங்கள் அத்தனை பேருக்கும் இந்த எழுபத்து மூன்று வயது அடுப்புக்காரனின் அன்பான வணக்கம்.

சற்றுமுன் ஒரு தம்பி என்னை அறிமுகம் செய்து பேசினார். “பசித்த வயிற்றோடு நின்று அறிவியலுக்குப் பணிசெய்தவர்” என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அதே வரியைப் பித்தளைத் தகட்டில் செதுக்கி, புதிய அளவீட்டு அறையின் கதவருகே பதித்து, நீலத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். நான் பேசி முடித்ததும் அம்மா அந்தத் துணியை விலக்குவதாக நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறது.

விலக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் நான் இந்த மேடை ஏறினேன். அந்த வரி பொய். அந்தப் பொய்யைச் சொன்னவன் நான்.

என்ன சலசலப்பு? பதறாதீர்கள். யாரும் எழுந்து போக வேண்டாம். கதவருகே நிற்கும் தம்பி, தகட்டுக்குக் காவலாக நில்லப்பா, காற்றில் துணி பறந்துவிடப் போகிறது. முழுக்கதையையும் சொல்கிறேன்.

முப்பத்தொரு ஆண்டுகள் இங்கே நான் என்ன வேலை பார்த்தேன்? அடுப்பு பார்த்தேன். சோறு பொங்குகிற அடுப்பு இல்லை. பிளாஸ்டிக் வில்லையைச் சூடேற்றுகிற மின்சார அடுப்பு. வில்லை என்றால் உள்ளங்கையில் அடங்குகிற வட்டம், நகக்கனம், கண்ணாடி போலத் தெளிவு. படித்தவர்கள் பாலிமர் என்பார்கள். அதற்குள் என்ன இருக்கிறது? நீளம் நீளமான சங்கிலிகள் இருக்கின்றன. சிக்குப் பிடித்த தலைமுடி மாதிரி ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அந்தச் சங்கிலிகள் நெடுகக் கூட்டலும் கழித்தலுமாகக் குட்டிக் குட்டி மின்னூட்டங்கள். குளிர்ந்திருக்கும்போது அது கண்ணாடிக்குத் தம்பி. தட்டினால் டங்கென்று கேட்கும், வளைத்தால் உடையும், உள்ளே ஒருவருக்கும் அசைய இடமில்லை. சூடேற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டம் வரும். எங்கள் வில்லைக்கு ஏறத்தாழ நூற்றைந்து டிகிரி. அந்த இடத்தில் கண்ணாடிக் குணம் தளரும். சங்கிலிகள் சோம்பல் முறிக்கும்.

இப்போது வேலையைக் கேளுங்கள். வில்லையின் இரண்டு முகத்திலும் வெள்ளிப் பூச்சு. இரண்டு உலோகத் தட்டுகளுக்கு நடுவே அதை வைப்பேன். சூடேற்றித் தளரவிட்டு, ஆயிரம் வோல்ட் கொடுப்பேன். உள்ளே இருக்கும் மின்னூட்டங்கள் எல்லாம் முகம் திருப்பி ஒரே பக்கம் பார்க்கும். யாரைப் போல? வாத்தியார் நுழைந்ததும் வாய்மூடித் திரும்புகிற வகுப்பைப் போல! அப்படித் திரும்பியிருக்கும்போதே, வோல்ட்டை நிறுத்தாமல், குளிரவைப்பேன். உறைந்துவிடும். பிறகு வோல்ட்டை எடுத்தாலும் திரும்பிய முகம் திரும்பியபடியே இருக்கும். வாத்தியார் வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, கைகழுவி, தூங்கியும் ஆயிற்று. பிள்ளைகள் இன்னும் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்!

அவர்களை எப்படி விடுவிப்பது? மறுபடி சூடேற்ற வேண்டும், மெல்ல மெல்ல. தளரும் இடம் நெருங்கியதும் அது அது தன் இயல்புக்குத் திரும்பும். திரும்பும்போது கம்பியில் ஒரு சிறு மின்னோட்டம் ஓடும். எவ்வளவு சிறிது? ஒரு ஆம்பியரை லட்சம் கோடிப் பங்காக்கி அதில் சில பங்கு. அந்தத் துளியை உணர்ந்து ஒரு பேனா தாளில் மேடு வரையும். சூடு ஏற ஏறப் பேனா வலப்பக்கம் போகும். மின்னோட்டம் கூடக் கூட மேலே போகும். மேடு எத்தனை டிகிரியில் எழுகிறது? அதுதான் கேள்வி. அதற்குத்தான் இயக்குநர் அம்மா, அப்போது முப்பது வயது ஆராய்ச்சி மாணவி, ஆண்டுக்கணக்கில் அந்தச் சின்ன அறையில் தவம் கிடந்தார்.

அறை அப்படிப்பட்ட அறை. பம்பு அறையில் எனக்கு ஒரு நண்பர் இருந்தார். எப்போதும் நைலான் சட்டைதான் போடுவார், அதனால் பெயரே நைலான் ஆகிவிட்டது. அவர் கதவைத் திறந்தால் போதும், சட்டையில் ஒட்டியிருக்கும் மின்னூட்டத்துக்குப் பேனா தாளைவிட்டே எகிறும். ஒருநாள் அம்மா பொறுக்க முடியாமல் சொன்னார்: “அண்ணே, உங்க சட்டை என் ஆராய்ச்சியில சேருது. ஒண்ணு நீங்க வெளிய நில்லுங்க, இல்ல சட்டை வெளிய நிக்கட்டும்.”

நைலான் சற்றும் யோசிக்கவில்லை. “சட்டையே நிக்கட்டும்மா. எனக்கும் புழுக்கமாத்தான் இருக்கு” என்று பொத்தானில் கை வைத்துவிட்டார்.

சிரிக்கிறீர்கள்! அன்று முதல், சூடேற்றும் நேரத்தில் அறைக்குள் யாருக்கும் அனுமதியில்லை, அம்மாவுக்கும் சேர்த்து. பருத்திச் சட்டைக்காரன் நான் ஒருவன் மட்டும் மூலையில் அசையாமல் உட்கார்ந்திருப்பேன். சாட்சி இல்லாத அறை. இதை நினைவில் வையுங்கள்.

சூடேற்றும் வேகத்துக்கு ஒரு திருகு உண்டு. எண்கள் எனக்குத் தெரியும், எழுத்துதான் தெரியாது. “ஒண்ணுல வைங்க ஐயா” என்பார் அம்மா. நிமிடத்துக்கு ஒரு டிகிரி. முப்பதில் தொடங்கி நூற்றுமுப்பதை எட்ட நூறு நிமிடம். எருமை நடைகூட அதற்கு ஓட்டம்! ஏன் ஒன்று? நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அம்மாவின் ஆராய்ச்சி என்ன? ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரே கலவையில் ஐந்து வில்லைகள் வார்ப்பார். முதல் வில்லையை அன்றே அளப்போம். அடுத்தது செவ்வாய், அடுத்தது புதன். ஐந்தாவது வில்லை வெள்ளிக்கிழமை வரை பெட்டியில் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிற பிளாஸ்டிக் உள்ளுக்குள் மாறுமா மாறாதா? அதைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை பாடு.

வெள்ளிக்கிழமை என்றால் காலை முழுவதும் அடுப்பிலிருந்து காற்றை உறிஞ்சும் பம்பைக் கழற்றித் துடைத்து எண்ணெய் மாற்றுகிற வேலை. சாப்பிட்டுவிட்டு ஒன்றரை மணிக்கு வில்லையைப் போட்டால், சூடேற்றி, வோல்ட் கொடுத்து, குளிரவைக்கவே மூன்றரை. பிறகு அந்த நூறு நிமிடம். முடியும்போது ஐந்து பத்து. பேனா வரைந்த தாளைக் கையில் வாங்காமல் அம்மா கிளம்ப மாட்டார். அம்மாவின் பெண் குழந்தை அப்போது இரண்டு வயது. பக்கத்துத் தெருவில் பிள்ளைக் காப்பகம். ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவுக்குக் காய்ச்சல் மாதிரி இருக்க, குழந்தையை அழைத்துவர நான் ஓடினேன். என்ன பார்த்தேன்? எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டார்கள். பூட்டிய கதவின் வெளிப்படியில், பையை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு செருப்பையும் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு, அந்த ஒற்றைக் குழந்தை. பக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி காப்பகத்து அம்மா.

“இவங்க அம்மாவுக்குப் பிளாஸ்டிக்தான் புள்ள போல” என்றார் அவர்.

தாய்மார்களே, உங்களைக் கேட்கிறேன். அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு வந்தவன் அடுத்த வெள்ளிக்கிழமை என்ன செய்வான்? திருகை ஒன்றிலிருந்து மூன்றுக்குத் திருப்பினேன். நூறு நிமிடம் முப்பத்து மூன்று நிமிடமாயிற்று. நான்கு மணிக்கெல்லாம் பேனா மேட்டை வரைந்து முடித்துவிட்டது.

அம்மாவுக்கு ஆச்சரியம். “அதுக்குள்ள எப்படி ஐயா முடிஞ்சுது?”

வாயில் வந்ததைச் சொன்னேன். “சாப்பிடாம, பன்னண்டரைக்கே போட்டுட்டேன்மா. நீங்க கெளம்புங்க, பாப்பா காத்துக்கிட்டு இருக்கும்.”

அவர் கண் நிறைந்துவிட்டது. எனக்கு வயிறு நிறைந்திருந்தது. ஆமாம், பெரியோர்களே, நான் வயிறாரச் சாப்பிட்டிருந்தேன். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருந்தேன். இவ்வளவுதான் அந்தப் பொய். ஆனால் பாருங்கள், பித்தளை வரைக்கும் போய்விட்டது.

ஒரு வெள்ளி இரண்டு வெள்ளி அல்ல, பதினான்கு மாதம், அறுபது வெள்ளிக்கிழமை, திருகு மூன்றில் நின்றது. குழந்தை ஒருநாளும் படியில் உட்காரவில்லை. நான் மகிழ்ந்தேன். எவ்வளவு மகிழ்ந்தேன் என்றால், திருகைத் திருப்பும்போது சீட்டியடிப்பேன்.

ஒரு காலைப்பொழுது, அம்மா ஒரு கட்டுத் தாளை அணைத்துக்கொண்டு பம்பு அறைக்கே ஓடி வந்தார். அப்படி ஒரு மலர்ச்சியை அந்த முகத்தில் அதற்குமுன் நான் கண்டதில்லை.

“ஐயா, பாருங்க! திங்கள், செவ்வாய், புதன், வியாழன், நாலும் நூத்தஞ்சுலயே மேடு. வெள்ளிக்கிழமை வில்லை மட்டும் நூத்திப்பதினொண்ணு! ஒருவாட்டி இல்ல, வாரா வாரம்! நாலு நாள் சும்மா கெடந்தா போதும், உள்ள இருக்கற சங்கிலியெல்லாம் நெருங்கி உக்காந்துக்குது, மின்னூட்டத்தை விட மாட்டேங்குது. ஆறு டிகிரி ஐயா! இவ்வளவு பெருசா யாருமே பாத்ததில்ல. தேர்வாளருங்க அடுத்த மாசம் வராங்க.”

நைலான் கைதட்டினார். நான் மெதுவாகக் கேட்டேன், “அம்மா, அது வந்து... சூடு கொஞ்சம் வேகமா ஏறினா, மேடு தள்ளிப் போகுமா?”

“போகுமே! அதுங்க திரும்பறதுக்கு நேரம் வேணும்ல? அவசரமா ஏத்தினா, அதுங்க எழுந்திருக்கறதுக்குள்ள சூடு தாண்டிப் போயிடும். மேடு தள்ளியும் விழும், ஒசரமாவும் விழும். அதுக்குத்தானே ஒண்ணுலயே வைக்கச் சொல்றேன்.”

அதுக்குத்தானே! பதினான்கு மாதம் கழித்து அந்தச் சொல் என் காதில் விழுந்தது.

அவர் கண்டது பிளாஸ்டிக்கின் குணமா? இல்லை, என் அவசரத்தின் அளவு! ஆராய்ந்தது சங்கிலியையா? இல்லை, என் கையை! அடுத்த மாதம் அறிவாளிகள் கூடிய அவையில் எழுந்து நின்று, என் திருகின் மூன்றை இயற்கையின் உண்மை என்று சொல்லப் போகிறார்!

பதினொரு நாள் வாய் திறக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த என் மனைவியிடம் சொன்னேன். இதோ இருக்கிறாள், கேட்டுப் பாருங்கள்.

குடத்தை இறக்காமலே கேட்டாள்: “சொன்னா என்ன ஆகும்?”

“வேலை போயிடும்.”

“சொல்லலேன்னா?”

“அவங்க பேரு போயிடும்.”

“வேலை போனா வேற வேலை பாக்கலாங்க. அந்தப் பொண்ணு வேற பேருக்கு எங்க போவா? மொதல்ல போய்ச் சொல்லிட்டு வாங்க. மூஞ்சியப் பாரு, கருவாடு மாதிரி.”

என்ன அங்கே சிரிப்பு? கருவாடு என்றுதான் சொன்னாள். இன்றைக்கும் சொல்வாள்.

போனேன். சொன்னேன். அம்மா தாளில் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைக்கவில்லை. “எத்தனை வெள்ளிக்கிழமை ஐயா?”

“எல்லா வெள்ளிக்கிழமையும்மா.”

“ஏன்?”

“பாப்பா படியில தனியா உக்காந்திருந்துச்சும்மா. செருப்ப மாத்திப் போட்டுக்கிட்டு.”

பேனாவை வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார். “அப்ப சாப்பிடாம போட்டேன்னு சொன்னீங்களே, அது?”

அவையோரே! உண்மை சொல்லத் துணிந்து போனவன்தானே நான்? முக்கால் தூரம் வந்தவன்தானே? அந்த முகத்தைப் பார்த்ததும், என்னிடம் ஏதாவது ஒரு நல்லது மிஞ்சட்டுமே என்று ஓர் ஆசை வந்தது. “அது நெசம்தாம்மா” என்றேன்.

பட்டினியும் கிடந்து வேகமாகவும் ஏற்றியிருந்தால் மூன்று மணிக்கே முடிந்திருக்க வேண்டும். எப்போதும் முடிந்தது நான்கு மணிக்கு. கணக்குப் போட்டால் நொடியில் பிடிபட்டிருப்பேன். உலகத்தையே கணக்குப் போடுகிற அம்மா என்மேல் மட்டும் கணக்குப் போடவில்லை. நம்பிவிட்டார்.

தேர்வு தள்ளிப்போனது. அறுபது தாளையும் கட்டி ஒதுக்கிவிட்டு, முதலிலிருந்து வார்த்தோம். முழுசாக ஓராண்டு, ஐந்து நாளும் ஒன்று, ஒன்று, ஒன்று! வெள்ளிக்கிழமைகளில் குழந்தையை நான்கரைக்கே நைலான் போய் அழைத்துவந்து, எண்ணெய் டப்பாமேல் உட்காரவைத்துக் கதை சொல்வார். அந்தக் குழந்தைதான் இதோ இரண்டாம் வரிசையில், மூக்குக்கண்ணாடியோடு, என்னைப் பார்த்து முறைக்கிறது! முறைக்காதேம்மா, செருப்புக் கதையைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

முடிவு என்ன வந்தது? சும்மா கிடக்கிற வில்லை மாறத்தான் செய்கிறது. எவ்வளவு? அரை டிகிரி. ஆறு அல்ல, அரை! ஊர் திரும்பிப் பார்க்காத அரை டிகிரி. ஆனால் இன்று வரை யாராலும் அசைக்க முடியாத அரை டிகிரி!

பட்டம் வந்தது. அம்மா தன் ஆய்வு நூலின் ஒரு படியை என்னிடம் கொடுத்தார். “உங்களைப் பத்தி ஒரு பக்கம் இருக்கு ஐயா” என்றார். என் குற்றத்தை அச்சடித்துவிட்டார் என்றே நினைத்தேன். யாரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வது? வாசித்தவன் காறித் துப்பினால்? பழைய சட்டையில் சுற்றி இரும்புப் பெட்டியின் அடியில் வைத்தேன். ‘அடுப்போட விளக்கப் புத்தகம்’ என்று மனைவியிடம் சொன்னேன். அதுவும் பொய்தான், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இருபத்தாறு ஆண்டுகள்.

ஓய்வு பெற்றுப் பல ஆண்டு கழித்து, என் மனைவி முதியோர் வகுப்புக்கு என்னை இழுத்துப்போனாள். அவள் மூன்று மாதத்தில் செய்தித்தாள் வாசித்தாள். நான் இரண்டு ஆண்டு எடுத்துக்கொண்டேன். நிமிடத்துக்கு ஒரு டிகிரி! போன மாதம் பெட்டியைத் திறந்து அந்த நூலை எடுத்தேன். உள்ளே எல்லாம் வேற்று மொழி. முதலில் ஒரே ஒரு பக்கம் மட்டும் நம் மொழி. விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, ஒரு காலைப்பொழுது முழுக்க வாசித்தேன். உங்களுக்கும் வாசிக்கிறேன்:

‘வெள்ளிக்கிழமை அளவுகள் இந்நூலில் சேர்க்கப்படவில்லை. அவற்றில் நேர்ந்த பிழைக்கு நானே பொறுப்பு. ஏன் மெதுவாகச் சூடேற்ற வேண்டும் என்பதை, நாள்தோறும் சூடேற்றியவரிடம் நான் ஒருமுறையும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் அவர் செய்திருக்க மாட்டார். என் குழந்தைக்காக, பசித்த வயிற்றோடு நின்றவர் அவர்.’

குற்றப்பத்திரிகை என்று இருபத்தாறு ஆண்டு பயந்து பூட்டி வைத்தேனே, அதில் இருந்தது என்ன? என் குற்றத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொண்ட ஒரு தாய்மனம்! அழுதேன். தேம்பித் தேம்பி அழுதேன். மனைவி பயந்துபோய், “அடுப்பு வெடிச்சிருச்சாங்க?” என்று கேட்டாள்.

ஆனால் அந்தக் கடைசி வரி! அறுபது தவறான அளவை ஒன்றுவிடாமல் நீக்கிய நூலில், அறுபத்தோராவது தவறு அப்படியே நிற்கிறது. அதை எப்படி நான் விடுவேன்? அந்த நூல் நூலகத்தில் இருக்கிறது. அந்த வரி இப்போது கதவிலும் ஏறிவிட்டது. எனவே அம்மா, இத்தனை பேர் முன்னிலையில் கேட்கிறேன். அந்த வரியை நீக்கிவிடுங்கள். நான் சாப்பிட்டேன்.

...அம்மா எழுந்து வருகிறார். இருங்கள், ஒலிபெருக்கியை அந்தப் பக்கம் திருப்புகிறேன். என்ன சொல்கிறீர்கள் அம்மா?

“வில்லையெல்லாம் திரும்ப அளந்தோம். உங்கள அளக்க மறந்துட்டேனே ஐயா” என்கிறார். சிரிக்கிறாரா அழுகிறாரா, என் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. தகட்டை மாற்றச் சொல்லிவிட்டார்! அதில் வேறு என்ன எழுதலாம் என்று என்னைக் கேட்கிறார்.

என்னையா கேட்கிறீர்கள்? சொல்கிறேன். பின்வரிசை இளைஞர்களே, இது உங்களுக்கு. அடுப்பருகே நிற்பவனிடம் ‘ஒன்றில் வை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ஏன் என்று சொல்லுங்கள்! பம்பு துடைப்பவனிடம் சொல்லுங்கள், ஏன் என்று! குழாய் கழுவுபவளிடம் சொல்லுங்கள், ஏன் என்று! காரணம் தெரியாத அன்பு அறுபது வெள்ளிக்கிழமையைக் கெடுத்தது. காரணம் தெரிந்த அதே கை, ஓராண்டு முழுக்கத் திருகில் நடுங்காமல் நின்றது!

ஆகவே தகட்டில் என் பெயர் வேண்டாம், என் வயிறும் வேண்டாம். இப்படி எழுதுங்கள்: ‘நிமிடத்துக்கு ஒரு டிகிரி. உள்ளே இருப்பவை திரும்புவதற்கு நேரம் வேண்டும். உங்களுக்கு நேரமாகிவிட்டால் அறிவியுங்கள். குழந்தையை அழைத்துவர ஆள் அனுப்புகிறோம்.’

சரி என்று தலையாட்டிவிட்டார்! பார்த்தீர்களா, பார்த்தீர்களா!

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், கண் துடைத்துக்கொள்ளும் தாய்மார்களுக்கும், தலைமை வகித்துத் தகட்டையும் திருத்திய அம்மாவுக்கும், எனக்கு முன்பே வாசிக்கக் கற்றுக்கொண்டு என்னை இழுத்துவந்தவளுக்கும் என் நன்றி. எல்லோரும் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள். நானும் சாப்பிடத்தான் போகிறேன், எல்லோரும் பார்க்கும்படியாக. வணக்கம்.